பிக்கப் எங்கே சார்?

சென்னையில் கால் டாக்ஸி டிரைவர் போன் செய்தால் முதல் கேள்வி, "பிக்கப் எங்கே சார்?" அடுத்தது, "டிராப் எங்கே?" மூன்றாவது, "கேஷா, ஆன்லைனா?" பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனி வேனுக்காக நிற்பவர்களுக்குப் பிக்கப் என்பது நேரத்தின் பெயர்: "எனக்கு இன்னிக்கு அஞ்சரை பிக்கப்." புதுப்பேட்டை மெக்கானிக்குக்கு அது இன்ஜினின் குணம்: "வண்டியில பிக்கப் இல்ல சார், ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கும்." கோடம்பாக்கத்தில் அது படத்தின் தலையெழுத்து: "மொதல் ரெண்டு நாள் டல்லு, ஞாயித்துக்கிழமை பிக்கப் ஆயிடுச்சு." சரக்கு ஏற்றுகிற சின்ன வண்டியும் பிக்கப்தான். டிசம்பர் கச்சேரிகளில் சில வீணைகளின் மேல் ஒட்டியிருக்குமே, ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் குட்டிக் கருவி, அதற்கும் பிக்கப் என்றே பெயர்.

ஊரே இப்படிப் புழங்கும் சொல், வகுப்பறைக்குள் வந்ததும் எல்லோரையும் மிரட்டுகிறது. சைதாப்பேட்டையில் மாலை நேரத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லித் தருகிறேன். ஃப்ரேசல் வெர்ப் என்று போர்டில் எழுதினாலே முகங்கள் வாடும். வினைச்சொல்லோடு அப், ஆஃப், அவுட் என்று ஒரு சின்னச் சொல் சேர்ந்து, இரண்டுக்கும் தனித்தனியாக இல்லாத ஒரு பொருளைத் தருவதற்குத்தான் அந்தப் பெயர். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் பட்டியல் ஒன்றை யாராவது பிரிண்ட் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஒரு பக்கம் "பிக் அப்". மறுபக்கம் வரிசையாக லிஃப்ட், கலெக்ட், பை, அக்வயர், கான்ட்ராக்ட், டிடெக்ட், இம்ப்ரூவ், ரிஸ்யூம், அரெஸ்ட், பே. இதை மனப்பாடம் செய்தால் போதும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

போதாது. அந்தப் பட்டியலை நம்பி ஒருவர் "ஆன் த வே ஹோம் ஐ அக்வயர்ட் மில்க்" என்று எழுதினால் தவறு அவருடையது அல்ல, பட்டியலுடையது. ஒரு சொல்லுக்குப் பத்து மாற்றுச் சொற்களைக் கொடுத்துவிட்டு, அவற்றைச் சேர்த்துக் கட்டும் நூலை மட்டும் கொடுக்காமல் விடுகிறது. அந்த நூலைத் தேடுவதுதான் இந்தக் கட்டுரை.

'பிக்' என்ற வினைக்கு ஆங்கிலத்தில் ஆதியில் இருந்த பொருள் குத்துவது, கொத்துவது. கூர்மையான அலகால் பறவை கொத்துகிறதே, அந்த மாதிரி. கொத்துவதிலிருந்து, கொத்தி எடுப்பது. அதிலிருந்து, பலவற்றில் ஒன்றை மட்டும் எடுப்பது, அதாவது தேர்ந்தெடுப்பது. அதோடு அப் சேர்ந்தால், கீழே கிடக்கும் ஒன்று கைக்கு வருகிறது. தமிழில் இதே பாதையில் நடந்த சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது: பொறுக்கு. கோழி பொறுக்கும். அரிசியில் கல் பொறுக்குவோம். மரத்தடியில் புளியம்பழம் பொறுக்குவோம். நல்ல ஆட்களாகப் பொறுக்கி எடுப்போம். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், தரையில் கிடப்பதை எடுப்பதற்கும் தேர்ந்தெடுப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கின்றன. இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு இன்னும் உற்சாகம் குறையவில்லை. ('பொறுக்கி' வசவாகிப் போனது வேறு கதை. தெருவில் கிடப்பதை எடுத்து வாழ்பவன்மேல் சமூகம் வைத்த பார்வை அது. வினைச்சொல்லின்மேல் பழி இல்லை.)

தரையில் கிடப்பதை எடுப்பதற்கு யாரும் தனியாகக் கிளம்பிப் போவதில்லை. போகிற வழியில் கண்ணில் படுகிறது, குனிகிறோம், எடுக்கிறோம், நடக்கிறோம். பிக் அப் என்ற சொல்லின் பெரும்பாலான பொருள்களில் இந்தப் "போகிற போக்கில்" ஒளிந்திருக்கிறது. பால் வாங்குவதற்கென்றே கடைக்குப் போனால் அது 'பை'. ஆபீஸிலிருந்து வரும் வழியில் வண்டியை ஓரம் கட்டி ஒரு பாக்கெட் வாங்கி வந்தால் 'பிக் அப்'. நம் வீடுகளில் "வரும்போது அப்படியே பால் வாங்கிட்டு வந்துடு" என்கிறோமே, அந்த 'வரும்போது அப்படியே' முழுவதும் ஆங்கிலத்தில் அந்த 'அப்'புக்குள் அடங்கிவிடுகிறது. ஆளைக் கூட்டி வருவதும் அப்படித்தான். வண்டி எப்படியும் ஓடிக்கொண்டிருக்கிறது. வழியில் ஒருவரை ஏற்றிக்கொள்கிறது.

மொழி கற்பதில்தான் இந்த வித்தியாசம் ரொம்பத் துலக்கமாகத் தெரியும். என் வகுப்பில் ரங்கநாதன் தெருவில் துணிக்கடையில் நிற்கும் பெண் ஒருவர் இருந்தார். காலை ஒன்பதரையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே இருக்கும் வேலை. ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார்:

"சார், எனக்கு ஹிந்தி நல்லா வரும். ஆனா படிச்சதில்ல."

"அப்புறம் எப்படிம்மா வந்துச்சு?"

"நின்னுக்கிட்டே இருந்ததுல வந்துச்சு சார். கஸ்டமர் பேசுவாங்க, கேட்டுக்கிட்டே இருப்பேன். அளவு, வெல, கலரு, வேற காட்டு, கொறச்சுக் குடு. அப்படியே வாயில ஒட்டிக்கிச்சு."

அந்த 'ஒட்டிக்கிச்சு' என்பதுதான் 'பிக் அப்'. "ஐ பிக்ட் அப் ஹிந்தி அட் த ஷாப்." 'லேர்ன்' என்றால் ஆசிரியர், புத்தகம், முயற்சி என்று ஏதோ ஒன்று பின்னால் நிற்கிறது. 'அக்வயர்' என்றால் சொத்து வாங்கியதுபோல ஒரு கனம் வந்துவிடுகிறது. மொழியியல் பாடத்துக்குப் பொருந்தும், துணிக்கடைக் கதைக்குப் பொருந்தாது. பிக் அப் மட்டும்தான், யாரும் கற்றுக்கொடுக்காமல், கூலி கொடுக்காமல், இருந்த இடத்தில் காதால் பொறுக்கியது என்ற முழு வரலாற்றையும் சொல்கிறது. சௌகார்பேட்டையில் ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் பேசும் தமிழைக் கேட்டிருக்கிறீர்களா? கல்லாவில் உட்கார்ந்தபடி தெருவிலிருந்து எடுத்த தமிழ் அது. இலக்கணப் புத்தகத்தின் வாடையே இருக்காது. பேரம் மட்டும் துல்லியமாக இருக்கும். சென்னை பாதி பேருக்கு இப்படித்தான் மொழி கொடுத்திருக்கிறது.

நோயும் இதே கணக்குதான். மருத்துவ அறிக்கையில் நோயைக் 'கான்ட்ராக்ட்' செய்வார்கள். வீட்டில் பேசும்போது, ரயிலில் எங்கோ சளியைப் 'பிக் அப்' செய்தார்கள். நாம் சளி 'பிடித்தது' என்கிறோம். இந்தப் பிடியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வியாபாரம் சூடு பிடித்தது. வண்டி வேகம் பிடித்தது. வானொலிப் பெட்டியில் முள்ளைத் திருகித் திருகி இலங்கை வானொலியைப் பிடித்தார்கள். பாடகர் விட்ட இடத்தில் பிடித்தார். சந்தேகத்தின் பேரில் நால்வரைப் பிடித்தார்கள். இந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். பிசினஸ் பிக்ட் அப். த வெஹிக்கிள் பிக்ட் அப் ஸ்பீட். த ரேடியோ பிக்ட் அப் த ஸ்டேஷன். ஹி பிக்ட் அப் வேர் ஹி லெஃப்ட் ஆஃப். த போலீஸ் பிக்ட் அப் ஃபோர் மென். எல்லாவற்றுக்கும் அதே பிக் அப். தமிழ் பேசுகிற ஒருவருக்கு இந்தச் சொல் அந்நியமாக இருக்க நியாயமே இல்லை. நம் மொழியில் ஏற்கெனவே இருக்கும் வேலைப்பாடு இது. அதை நமக்கு அந்நியமாக்கியது கற்பித்த முறை.

போலீஸ் விஷயத்தில் இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே மாற்றுச் சொல் மாறினால் சட்டமே மாறிவிடும். 'அரெஸ்ட்' என்றால் கைது. கைது செய்து காவலில் வைத்தவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22வது பிரிவு சொல்கிறது. 'பிக்ட் அப் ஃபார் கொஸ்டினிங்' என்று செய்தித்தாளில் வந்தால், அழைத்துப் போனார்கள் என்பது மட்டும்தான் உறுதி. கைது பதிவானதா இல்லையா என்பது அந்தச் சொல்லில் இல்லை. வட சென்னையில் "அவன நேத்து நைட்டு தூக்கிட்டாங்க" என்பார்கள். அந்தத் 'தூக்கிட்டாங்க' எவ்வளவு கச்சிதமான மொழிபெயர்ப்பு! பட்டியலில் 'அரெஸ்ட்' என்று எழுதியவர் இந்த வித்தியாசத்தை யோசித்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

பில் கட்டுவதையும் விட்டுவிடக் கூடாது. 'பே' என்றால் பணம் கொடுப்பது, யாராக இருந்தாலும். 'பிக் அப் த பில்' என்றால் பலரும் சேர்ந்து சாப்பிட்டு, மேசை மேல் கிடக்கும் பில்லை ஒருவர் எடுத்துக்கொள்வது. தன் பங்குக்கு மேல் பொறுப்பேற்பது. டிபன் கடைக் கல்லாவில் "இருங்க, நீங்க உள்ள வைங்க, நான் குடுக்கறேன்" என்று கையைத் தட்டிவிட்டுச் சண்டை போடுகிறோமே, அது முழுக்கப் பிக் அப்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் 'கைக்கு வந்தது' என்ற பக்கம். இன்னொரு பக்கம், 'மேலே ஏறியது'. உடம்பு தேறுவது, விற்பனை கூடுவது, காற்று வலுப்பது, வேகம் ஏறுவது. இங்கே அப் என்ற சொல் தன் நேர்ப்பொருளிலேயே, மேல்நோக்கி, வேலை செய்கிறது. இங்கேயும் 'இம்ப்ரூவ்' முழு ஈடு இல்லை. பிக் அப் என்றால் முன்னால் ஒரு சரிவோ மந்தமோ இருந்திருக்க வேண்டும். நன்றாக ஓடும் கடை இன்னும் நன்றாக ஓடினால் இம்ப்ரூவ். ஆடி தள்ளுபடி முடிந்து படுத்த கடை தீபாவளிக்கு எழுந்தால் பிக் அப்.

சரி, இத்தனை மாற்றுச் சொற்கள் ஏன்? 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, ஆட்சியும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. கல்வியும் திருச்சபையும் லத்தீன் பேசின. அப்படி வந்து தங்கியவையும், பின்னர் படித்தவர்கள் லத்தீனிலிருந்து எடுத்துக்கொண்டவையும்தான் அக்வயர், டிடெக்ட், ரிஸ்யூம் வகைச் சொற்கள். ஊர்ச்சனங்களின் வாயில் பழைய சின்ன வினைகளும் அப், ஆஃப், அவுட் போன்ற ஒட்டுகளும் நீடித்தன. ஆக ஒரே காரியத்துக்கு வீட்டுச் சொல் ஒன்று, ஆபீஸ் சொல் ஒன்று. இந்த வீட்டுச் சொற்கள் வெளியாட்களுக்குப் பெரும் தொல்லை என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியான தன் அகராதியின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். அதனால்தான் அவற்றைக் கவனமெடுத்துத் தொகுத்ததாகவும் சொல்கிறார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் அச்சில் நிலைபெற்றது 1925இல், லோகன் பியர்சல் ஸ்மித்தின் நூலால். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி அந்தப் பெயரைத் தனக்குச் சொன்னதாக அவர் எழுதினார்.

நமக்கு ஆங்கிலம் வந்த வழி ஆபீஸ் வழி. கடிதம், மனு, ரிப்போர்ட், தீர்ப்பு. அதனால் 'புட் ஆஃப்' தெரிவதற்கு முன் 'போஸ்ட்போன்' தெரியும். 'லுக் இன்டு' வாயில் வருவதற்கு முன் 'இன்வெஸ்டிகேட்' வரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் வகுப்பில் பலருக்கு லத்தீன் வழிச் சொற்கள் லண்டன் டாக்ஸிக்காரரைவிட அதிகம் தெரியும். ஆனால் பேச்சில் அவர்கள் சொல்வது மனு படிப்பதுபோல இருப்பதற்குக் காரணமும் இதுதான். நர்ஸாக இருக்கும் ஒரு மாணவி கேஸ் ஷீட்டில் 'கண்டிஷன் இம்ப்ரூவ்டு' என்றே எழுத வேண்டும், அது சரி. அதே நோயாளியின் மகளிடம் பேசும்போது "ஷி ஈஸ் பிக்கிங் அப்" என்றால் அந்த மகளுக்கு மூச்சு வரும். "அம்மா தேறிக்கிட்டு வராங்க" என்று நாம் சொல்லும் குரல் அதில் இருக்கிறது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள், ஒரு பொருளுக்குப் பல சொல் என்பதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? திரிசொல்லைப் பற்றிப் பேசும் தொல்காப்பியம், "ஒருபொருள் குறித்த வேறுசொல்", "வேறுபொருள் குறித்த ஒருசொல்" என்று இரண்டையும் அன்றே பிரித்து வைத்தது. நிகண்டுகளில் 'ஒருசொல் பல்பொருட் பெயர்த்தொகுதி' என்று தனிப் பகுதியே உண்டு. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதைச் செய்யுளாகவே ஒப்பித்தார்கள். ஒப்பித்ததில் எதுகையும் ஓசையும் இருந்தன, சொல் பாட்டோடு மனதில் தங்கியது. வாட்ஸ்அப் பட்டியலில் அதுவும் இல்லை.

தமிழர்கள் இந்தச் சொல்லை வாங்கியபோது செய்த ஒரு காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஆங்கிலத்தில் "ஐ பிக்ட் அப் த பாய்" என்றாலும் "சேல்ஸ் பிக்ட் அப்" என்றாலும் வினை ஒன்றுதான். ஒருவர் செய்வதற்கும் தானாக நடப்பதற்கும் வடிவத்தில் வித்தியாசம் இல்லை. நாம் வாங்கிய கையோடு அதை இரண்டாகப் பிரித்துவிட்டோம். பையனைப் பிக்கப் 'பண்ணு'வோம். படம் பிக்கப் 'ஆகும்'. எந்த இலக்கண ஆசிரியரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. ஆட்டோ ஸ்டாண்டிலும் தியேட்டர் வாசலிலும் தானாக நடந்தது. யாரும் மாற்றிச் சொல்வதில்லை. "படம் பிக்கப் பண்ணிடுச்சு" என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் காதில் இடிக்கும்.

வண்டியின் 'பிக்கப்' நாமாகக் கட்டிய இங்கிலீஷ் என்று படித்தவர்கள் சிலர் சிரிப்பார்கள். வேகமெடுக்கும் திறன் என்ற இந்தப் பொருள் அமெரிக்க அகராதிகளில் அச்சிலேயே இருக்கிறது. புதுப்பேட்டை மெக்கானிக் பேசுவது ஒழுங்கான அமெரிக்க ஆங்கிலம்.

இடறும் இடங்களும் உண்டு. நாம் வாங்கியது பெயர்ச்சொல்லை. அதனால்தான் 'பிக்கப்' என்று ஒட்டி, முதலசையை அழுத்தி உச்சரிக்கிறோம். பெயருக்கு அது சரி. வினையாக வரும்போது அது இரண்டு சொல், பொதுவாக அழுத்தம் அப்பின்மேல் விழும். இரண்டு சொல் என்பதால் நடுவில் இடம் இருக்கிறது. 'மீ', 'இட்', 'ஹிம்' போன்ற சின்னச் சொற்கள் அந்த நடுவிடத்தில்தான் உட்கார வேண்டும்: "பிக் மீ அப் அட் சென்ட்ரல்." "பிக் அப் மீ" என்பது வராது. பெயரைச் சொன்னால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்: "பிக் அப் த பார்சல்", "பிக் த பார்சல் அப்", இரண்டும் சரி.

இதைவிடப் பரவலாக நடப்பது அப்பையே தின்றுவிடுவது. "ஐ வில் பிக் யூ அட் சிக்ஸ்." "ஹி ஈஸ் நாட் பிக்கிங் த கால்." இந்தியா முழுக்கப் பேசுகிறார்கள், நமக்குள் புரிகிறது, குடி முழுகிவிடாது. ஆனால் வெளியூர்க்காரர் காதில் "ஐ வில் பிக் யூ" என்றால் "உன்னைத் தேர்ந்தெடுப்பேன்" என்று விழும். என்னிடம் படித்த ஒரு பையன், நேர்காணல் ஒன்றில் இப்படிச் சொன்னதற்கு எதிரே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள் என்று வந்து சொன்னான். மூன்று மொழி பேசுபவன் அவன். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அப் விட்டுப்போனதைத் திருத்த ஒரு நிமிடம் போதும்; அந்தச் சிரிப்பால் அவன் வாயைத் திறக்க மறுத்தது பல வாரம்.

இப்போதெல்லாம் பட்டியல் கொண்டு வந்தால் மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். முதலில் தமிழில் வாக்கியம் வேண்டும். எடுத்தது, பிடித்தது, தூக்கியது, ஒட்டிக்கொண்டது, தேறியது என்று அவரவர் நாளிலிருந்து ஒன்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் நடந்ததா, சரிவிலிருந்து எழுந்ததா என்று கேட்போம். இரண்டில் ஒன்று ஆம் என்றால் பெரும்பாலும் பிக் அப் பொருந்தும். இல்லையென்றால் அந்த லத்தீன் சொற்களில் ஒன்றைத் தேடலாம். ஓலா ஓட்டுபவர், கூரியர் பையன், நர்ஸ், எல்லோருமே நான் யோசித்திராத வாக்கியங்களைக் கொண்டு வருகிறார்கள்.

எல்லாப் பொருளும் முடிந்தது என்று நினைத்த ஒருநாள், 'பிக் அப் ஆஃப்டர்' என்பதைப் போர்டில் எழுதினேன். ஒருவர் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போக, இன்னொருவர் பின்னாலேயே வந்து எடுத்து வைத்து ஒழுங்கு செய்வது. இதற்கு ஆங்கிலத்திலேயே ஈடான ஒற்றைச் சொல் எனக்குத் தெரியாது; தமிழிலும் இல்லை. விளக்கி முடிப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து "அட, நம்ம வேல சார் அது" என்று குரல் வந்தது. தரமணியில் ஒரு அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கும் அக்கா, நோட்டைப் பார்க்காமல், யாரிடமும் கேட்காமல் சொன்னார்: "ஐ பிக் அப் ஆஃப்டர் ஃபோர் பீப்பிள் அட் ஹோம் அண்ட் எய்ட்டி பீப்பிள் அட் ஆபீஸ்."

திருத்த எதுவும் இல்லை. அடுத்த வாரம் 'புட் அப் வித்', அதாவது சகித்துக்கொள்வது, எடுக்கச் சொல்லி அவரே கேட்டிருக்கிறார்.